பந்திக்குப் பிந்தச் சொல்லும் பரிவு

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியலும் கோடிங்கும் இப்போதைக்கு வேண்டாம் என்று வாதாடி, சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை கோபமும் போய், பழைய குரல் ஒன்றை மறுபடி கேட்ட அலுப்பு மிஞ்சியது. கட்டுரையில் பரிவுக்குக் குறைவில்லை. பத்திக்குப் பத்தி ஏழைப் பிள்ளைக்காகக் கண் கலங்குகிறார். ஆனால் அந்தப் பரிவு செய்யும் காரியம் ஒன்றே ஒன்றுதான். பந்தி போட்டிருக்கும்போது ஏழை வீட்டுப் பிள்ளையைக் கையைப் பிடித்து நிறுத்தி, நீ அடுத்த பந்தியில் உட்கார் என்கிறது. அடுத்த பந்தி எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

நான் கணினி ஆசிரியர் இல்லை. கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கோடிங் வகுப்பு விற்கும் கம்பெனி எதிலும் எனக்குப் பங்கு கிடையாது. செவ்வாய்க்கிழமைதோறும் நாலு பத்துக்குக் கடைசி மணி அடித்த பிறகு, ஹைடெக் லேப் சாவியைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரோடு ஒரு மணி நேரம் உட்காருகிறேன். இதில் பேச எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான். கட்டுரையாளருக்கு அதுவும் இருந்ததற்கான தடயம் கட்டுரையில் இல்லை.

அவர் நான்கு காரணம் அடுக்குகிறார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிப்பும் வகுத்தலும் வரவில்லை, முதலில் அதைச் செய்யுங்கள் என்பது முதலாவது. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும் காலத்தில் சாகப்போகிற வித்தையை எதற்குக் கற்பிக்கிறீர்கள் என்பது இரண்டாவது. ஆசிரியரும் இல்லை, ஆய்வகமும் பூட்டிக் கிடக்கிறது என்பது மூன்றாவது. இதெல்லாம் கம்பெனிக்குக் கூலியாள் பிடிக்கும் வேலை, நம் மண்ணோடு ஒட்டாது என்பது நான்காவது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

*

வகுத்தல் வராத பிள்ளைக்குக் கோடிங் எதற்கு என்கிறார். வகுத்தல் எங்கே வருகிறது என்று அவர் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்கிராட்ச் என்றொரு மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007-ல் வெளிவந்தது, காசு கிடையாது. கட்டளைகளை எழுத வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோக்க வேண்டும். திரையில் இருக்கும் பூனை அதன்படி நடக்கும், திரும்பும், போன வழியில் கோடு போடும். ஒரு செவ்வாயன்று பூனையை முக்கோணம் போட வைக்கச் சொன்னேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, நூறு அடி நட, அறுபது பாகை திரும்பு, இதை மூன்று முறை செய் என்று கோத்தாள். பூனை மூன்று கோடு போட்டு நின்றது. வந்தது முக்கோணம் இல்லை. ஒரு பக்கம் திறந்த கிண்ணம்.

"சார், முக்கோணத்துல மூணு மூலையும் அறுபதுதானே? நீங்கதானே சொன்னீங்க?"

"சமபக்க முக்கோணத்துல அறுபதுதான்."

"அப்புறம் ஏன் சார் மூட மாட்டேங்குது?"

நான் விளக்கவில்லை. லேப் தரையில் சாக்பீஸால் முக்கோணம் வரைந்து, அதன்மேல் நடந்து பார் என்றேன். முதல் மூலைக்குப் போனாள், நின்றாள், திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்று யோசித்தாள். "சார், நான் அறுபது திரும்பல. நெறைய திரும்புறேன்" என்றாள். ஓடிப்போய் அறுபதை அழித்து நூற்றிருபது போட்டாள். பூனை முக்கோணத்தை மூடியது. உள்கோணம், வெளிக்கோணம் என்று கரும்பலகையில் நான் எத்தனையோ வருஷம் எழுதிய எழுத்து, ஒரு பிள்ளையின் குதிகாலில் ஏறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதோடு விடவில்லை. நாலு பக்கத்துக்குத் தொண்ணூறு, ஐந்துக்கு எழுபத்திரண்டு, ஆறுக்கு அறுபது. முந்நூற்று அறுபதைப் பக்கத்தால் வகுத்தால் விடை என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஏழு பக்கத்தில் சிக்கல் வந்தது. ஐம்பத்தொன்று போட்டார்கள். கடைசிக் கோடு தொடங்கிய இடத்தைத் தொடாமல் நூலிழை விலகி நின்றது. ஏழு பெருக்கல் ஐம்பத்தொன்று முந்நூற்று ஐம்பத்தேழு; மூன்று பாகை எங்கே போனது? வகுத்தலில் மீதி என்பதை விடைத்தாளில் கீழே எழுதி அடிக்கோடிடும் சடங்காக மட்டுமே அறிந்திருந்த பதினெட்டுப் பிள்ளைகள், மீதியைக் கண்ணால் கண்டது அன்றுதான். ஒரு பையன் ஐம்பத்தொன்றை எடுத்துவிட்டு, 360 ÷ 7 என்று வகுத்தலையே கட்டைக்குள் வைத்தான். வடிவம் மூடியது. வகுப்பே கைதட்டியது.

வகுத்தலைக் கற்ற பிறகு கோடிங்குக்கு வா என்கிறார் கட்டுரையாளர். என் பிள்ளைகள் கோடிங்குக்கு வந்து வகுத்தலைக் கற்றார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. சீமோர் பேப்பர்ட் என்ற கணிதவியலாளர் தன் கூட்டாளிகளோடு 1967-லேயே லோகோ என்ற மொழியைக் குழந்தைகளுக்கென்று உருவாக்கினார். ஆமை ஒன்றை நடக்கவிட்டு வடிவம் வரைவது அந்த மொழியின் புகழ்பெற்ற வித்தை. என் பூனைக்கு அந்த ஆமைதான் மூத்த அண்ணன். கணக்கு என்றால் நடுங்கும் பிள்ளைக்குக் கணக்கை உடம்போடு ஒட்டவைப்பதுதான் பேப்பர்ட்டின் நோக்கம்; நிரலர்களை உற்பத்தி செய்வது அல்ல. அரை நூற்றாண்டாக உலகம் விவாதிக்கும் இந்தச் செய்தியைத் தொடாமலே கோடிங்குக்குக் கல்லறை கட்டியிருக்கிறார் நம் கட்டுரையாளர்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 'முதலில் அடிப்படை' என்பது அவ்வளவு உறுதியான விதியென்றால், ஏன் எல்லாப் பாடத்துக்கும் அது பொருந்தவில்லை? வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு ஓவியம் எதற்கு, அறிவியல் எதற்கு, வரலாறு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஏன் எல்லாப் பள்ளிக்கும் பொருந்தவில்லை? 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்பிலேயே கோடிங் என்றது. 2021-ல் சி.பி.எஸ்.இ. ஆறு முதல் எட்டு வகுப்புக்கு அதைத் திறன் பாடமாகக் கொண்டுவந்தது. அந்தக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கிறது, போடுவோம். ஆனால் பேருந்து நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் உள்ள தனியார் பள்ளியில் அந்த வகுப்பு நடக்கும்போது, எந்தப் பெற்றோரும் போய், என் பிள்ளைக்கு வகுத்தல் சரியாக வரும்வரை இதை நிறுத்துங்கள் என்று மனுக் கொடுக்கவில்லை. பொறு என்ற உபதேசம் எப்போதும் அடுத்தவர் பிள்ளைக்குத்தான்.

அந்தப் பழைய குரல் எது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகளுக்கு ஒரு வேளை பள்ளி, மறுவேளை வீட்டுத் தொழில் என்றார்கள். பள்ளிக் கட்டடம் போதாது, பணம் போதாது, இருப்பதை வைத்து நிறையப் பேருக்குக் கொடுப்போம் என்று அதற்கும் நியாயம் சொன்னார்கள். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. காமராஜர் முதல்வரான 1954-ல் அந்தத் திட்டம் போனது. வசதி போதவில்லையென்றால் வசதியைப் பெருக்க வேண்டும், பிள்ளையின் படிப்பைக் குறைக்கக் கூடாது என்று தமிழ்நாடு அன்றே தீர்ப்பு எழுதிவிட்டது. கட்டுரையாளர் மேல்முறையீட்டுக்கு எழுபது வருஷம் தாமதமாக வந்திருக்கிறார்.

*

இரண்டாவது காரணத்தைத் தன் துருப்புச் சீட்டு என்று நினைக்கிறார். செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதிவிடும். பிறகு பிள்ளை எதற்கு எழுத வேண்டும்? சாட்சிக்கு, என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2024 பிப்ரவரியில் துபாய் மாநாட்டில் பேசியதைக் கூப்பிடுகிறார். யாரும் நிரல் எழுதத் தேவைப்படாத நிலையை உண்டாக்குவதே தங்கள் வேலை என்ற பொருளில் அவர் பேசியது உண்மை. அவர் நிறுவனம் விற்பது அந்தச் செயற்கை நுண்ணறிவை ஓட்டும் சில்லு. ஓட்டல்காரர் சொல்கிறார் என்பதற்காக வீட்டில் அடுப்பை உடைப்பவரை என்னவென்று சொல்வது? நான்காவது காரணத்தில் கம்பெனிக்காரன் பேச்சை நம்பாதே என்று முழங்குகிறவர், இரண்டாவது காரணத்தில் கம்பெனிக்காரர் பேச்சையே வேதவாக்காக்குகிறார். நான்கும் ஒரே கட்டுரையில்தான் இருக்கின்றன. ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நிரல் எழுதப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது, அவர்கள் எல்லோரும் நிரலர் ஆவதற்காக இல்லை. தமிழ்ப் பாடம் படிப்பவர்கள் எல்லோரும் புலவர் ஆகிறார்களா? ஆனாலும் படிக்கிறோம், ஒப்பந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்த காலம் திரும்பக் கூடாது என்பதற்காக.

கைநாட்டுக் காலம் வேறு உருவில் திரும்பிவிட்டது. ரேஷன் கடைக்குப் போய் நில்லுங்கள். வயல்வேலையில் தேய்ந்த விரலை எந்திரத்தில் வைக்கிறார் பாட்டி. விழவில்லை. துடைத்துவிட்டு வைக்கிறார், விழவில்லை. "சிஸ்டம் எடுக்கல பாட்டி, அப்புறமா வாங்க." தாலுகா அலுவலகத்தில், வங்கியில், உதவித்தொகை விண்ணப்பத்தில், எங்கே போனாலும் இன்று இறுதித் தீர்ப்பு இந்த வாக்கியம்தான். சிஸ்டம் எடுக்கவில்லை. அதிகாரி இல்லை என்றால் மேலதிகாரியிடம் போகலாம். சிஸ்டம் இல்லை என்றால் எங்கே போவது?

பிரிட்டனில் பிள்ளைகள் தெருவுக்குப் போனார்கள். 2020-ல் கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வு நடக்கவில்லை. தேர்வு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்குவால், ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீட்டைச் 'சரிசெய்ய' ஒரு கணக்கீட்டு முறையை ஏவியது. பிள்ளை என்ன படித்தாள் என்பதோடு, அவள் பள்ளியில் முந்தைய ஆண்டுகளில் படித்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்பதும் கணக்கில் சேர்ந்தது. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது, இங்கிலாந்தில் ஆசிரியர் கொடுத்த தரங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் கீழே இறங்கியிருந்தன. ஒரு பாடத்தில் ஐந்து பேரும் அதற்குக் குறைவாகவும் இருந்த வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் கொடுத்த தரம் அப்படியே நின்றது. அவ்வளவு சிறிய வகுப்புகள் யார் பள்ளியில் அதிகம் இருக்கும்? பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளியில். கூட்டம் நிறைந்த அரசுப் பள்ளியில் முதல் ஆளாகப் படித்துக் கிளம்பிய பிள்ளையை, அவளுக்கு முன்னால் படித்தவர்களின் மதிப்பெண் காலைப் பிடித்து இழுத்தது. மாணவர்கள் அட்டை எழுதிக் கல்வித் துறை வாசலில் நின்றார்கள். அவர்கள் கோபம் அமைச்சரோடு நிற்கவில்லை. அந்தக் கணக்கீட்டு முறையையே பேர் சொல்லித் திட்டினார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு அதைத் திரும்பப் பெற்றது.

அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது இதுதான்: எந்திரம் சொன்னதாகச் சொல்லப்படும் முடிவு, யாரோ ஒருவர் எழுதிய விதி. 'ஐந்தோ அதற்குக் குறைவோ என்றால் இப்படிச் செய், இல்லையென்றால் அப்படிச் செய்.' ஸ்கிராட்சில் 'இப்படியானால்' என்ற கட்டையை ஒரு முறை கையால் எடுத்துப் பொருத்திய பிள்ளைக்கு இது பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளே விதி எழுதியிருக்கிறாள். அவள் எழுதிய விதியே தப்பாகிக் கிண்ணம் வந்திருக்கிறது. ஆகவே மற்றவர் எழுதிய விதியும் தப்பாகலாம், திருத்தலாம் என்று அவளுக்கு உள்ளூரத் தெரியும். ஏழு பக்க வடிவம் மூடாத அன்று, அதே முன்வரிசைப் பெண் போகிற போக்கில் கேட்டாள்: "எங்க ஆயா கைரேகை விழ மாட்டேங்குதே, அந்த மெஷின்லயும் இப்படி எதையாச்சும் அம்பத்தொண்ணுன்னு போட்டு வச்சிருப்பாங்களா சார்?" அந்த எந்திரத்தில் சிக்கல் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளையைச் சிஸ்டத்தின் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்புவது கஷ்டம்.

செயற்கை நுண்ணறிவு வளர வளர இந்தத் தேவை கூடுமே தவிரக் குறையாது. அது எழுதித் தருகிற நிரல் தப்பாக இருக்கும்போதும் சரியான முகத்தோடுதான் வரும். முக்கோணத்துக்கு அறுபது போட்டால் கிண்ணம் வரும் என்று பட்டவளுக்குத்தான், எதிரில் இருப்பது முக்கோணமா கிண்ணமா என்று சந்தேகப்படத் தோன்றும்.

*

மூன்றாவது காரணத்தில் அவர் சொல்லும் தகவல்கள் உண்மை. முடிவுதான் தலைகீழ்.

ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது; ஆமாம். தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் அந்த அறை எமிஸ் என்ற கல்வித் தகவல் தளப் பதிவுக்கும் இணையவழித் தேர்வுக்கும்தான் பெரும்பாலும் திறக்கும். ஆசிரியர் இல்லை, ஆமாம். கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் கீழ்வகுப்புகளுக்குத் தனிப் பாடமும் பணியிடமும் கேட்டு வருஷக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கணினி அறிவியல் என்பது நம் பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பில், அதுவும் அந்தப் பிரிவை எடுத்தால்தான், முழுப் பாடமாக எதிர்ப்படுகிறது. அங்கே பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் என்று பாடநூல் நன்றாகவே இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. ஆனால் பதினாறு வயதுவரை விசைப்பலகையைத் தொடாத பிள்ளை திடீரென்று சி பிளஸ் பிளஸில் விழும்போது நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளியது போல் ஆகிறது.

அதற்கு முன்னால் என்ன நடக்கிறது தெரியுமா? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசிப் பாடம் 'காட்சித் தொடர்பு'. ஸ்கிராட்ச் அதில்தான் வருகிறது. விளையாடிக் கற்பதற்கென்றே பிறந்த மென்பொருளை நம் பிள்ளைகள் ஒரு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்கிறார்கள். பூனையைப் பார்க்காமலே பூனைக்கு விடை எழுதி, மதிப்பெண்ணும் வாங்கி, மறந்தும் போகிறார்கள். 2011-ல் தொடங்கி லட்சக்கணக்கில் இலவச மடிக்கணினி கொடுத்தோமே, படம்தானே பார்த்தார்கள் என்று கட்டுரையாளர் நக்கலடிக்கிறார். வண்டியைக் கொடுத்தோம், ஓட்டச் சொல்லித்தரவில்லை. வண்டியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டதற்குப் பிள்ளையைப் பழிப்பானேன்?

பூட்டியிருந்தால் திறக்க வேண்டும் என்பதுதான் மூன்றாவது காரணத்திலிருந்து வரக்கூடிய ஒரே நியாயமான முடிவு. சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லையென்றால், டாக்டரைப் போடு என்று மறியல் செய்வோம். இந்த ஊருக்கு வைத்தியமே ஒத்துவராது என்று யாராவது கட்டுரை எழுதுவார்களா?

வாளையாறு தாண்டிப் பார்க்கட்டும். கேரளம் 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' தொடங்கியது. கட்டற்ற மென்பொருளைப் பள்ளிகளில் நிறுவி, உரிமக் காசை மிச்சப்படுத்தியது. தனி ஆசிரியர் வரும்வரை காத்திருக்கவில்லை. மலையாள ஆசிரியர், கணக்கு ஆசிரியர், உயிரியல் ஆசிரியர் என்று இருப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து, பள்ளிக்கு ஒருவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்கியது. அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐ.டி. பாடத்தைப் பிள்ளைகள் கணினி முன் உட்கார்ந்து எழுதுகிறார்கள். 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இயங்குகின்றன. கேரளத்துப் பிள்ளைக்கு வகுத்தல் பிறவியிலேயே வந்துவிடுகிறதா?

இங்கிலாந்திலும் இந்தத் தடுமாற்றம் நடந்தது. அங்கே பல ஆண்டுகளாகக் கணினிப் பாடம் என்ற பெயரில் வேர்டும் எக்செல்லும்தான் ஓட்டினார்கள். 2012-ல் ராயல் சொசைட்டி இது உருப்படாது என்று அறிக்கை கொடுத்தது. 2014 செப்டம்பரில் ஐந்து வயதிலிருந்தே கம்ப்யூட்டிங் கட்டாயப் பாடமானது. ஆசிரியர் தயாராக இல்லை. பல பள்ளிகள் திணறின. 2017-ல் அதே ராயல் சொசைட்டி அந்தத் திணறலையும் ஒளிக்காமல் எழுதியது. அதற்காகப் பாடத்தை மூடவில்லை. 8.4 கோடி பவுண்டு ஒதுக்கி, 2018-ல் ஆசிரியர் பயிற்சிக்கென்றே தேசிய மையம் அமைத்தார்கள். பற்றாக்குறை என்பது அவர்களுக்குச் செய்ய வேண்டிய வேலையின் பட்டியல். நம் கட்டுரையாளருக்கு அது வேலை செய்யாமல் இருப்பதற்கான சீட்டு.

கணினியே இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. நியூசிலாந்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவர் கூட்டாளிகளும் கணினி இல்லாமலே கணினி அறிவியல் கற்பிக்கும் விளையாட்டுகளை 1990களிலேயே தொகுத்துவிட்டார்கள். நான் அதைக் காலண்டர் அட்டையில் செய்கிறேன். ஐந்து அட்டை, 1, 2, 4, 8, 16 என்று புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொன்று பிடித்து, திருப்பியும் மறைத்தும் பூஜ்யத்திலிருந்து முப்பத்தொன்று வரை எண்ணுவார்கள். இரும எண் முடிந்தது. பி.டி. சார் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துகிறாரே, அதை எத்தனை ஒப்பீட்டில் செய்யலாம் என்று கேட்டால் வரிசைப்படுத்தல் பாடம் தொடங்கிவிடும். இதற்கு மின்சாரம்கூட வேண்டாம். திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிடும் என்ற கட்டுரையாளரின் கவலையும் இதோடு தீர்கிறது.

*

நான்காவது காரணம், மண். கோடிங் நம் மண்ணோடு ஒட்டாதாம்.

கட்டுரையாளர் தாம்பரம் பக்கம் போயிருப்பார் என்று நம்புகிறேன். அங்கே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்ற தம்பதியர் பேராசிரியர்களாக இருந்தார்கள். நம் பெண்கள் விடியற்காலையில் புள்ளி வைத்து இழுக்கும் கோலத்தை எடுத்து, அதற்குள் என்ன இலக்கணம் ஓடுகிறது என்று ஆராய்ந்தார்கள். கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரை 1974-ல் கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் வந்தது. 'அரே' இலக்கணமும் கோலமும் என்பது அதன் பொருள். நம் கணினிப் பாடநூலில் அரேவுக்குப் பெயர் 'அணி'. ஆக, இதுவும் ஓர் அணியிலக்கணம்தான். தண்டியாசிரியருக்குத் தெரியாத அணி. சிறு விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய வடிவம் வரும் என்பது நம் வாசல்களில் அரிசி மாவால் தினமும் எழுதி, எறும்புக்கு உணவாகும் செய்தி. இதை மண்ணுக்கு அந்நியம் என்றால், எந்த மண்ணைச் சொல்கிறார்?

காஞ்சிபுரத்துக்கோ ஆரணிக்கோ போனால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. அன்னப்பட்சியும் மாங்காயும் சேலையில் இறங்குவது அந்த அட்டைக் கட்டளையால். 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு செய்த அந்தப் பொறியின் அட்டைதான் கணினி முன்னோடி பாபேஜின் எந்திரக் கனவுக்குள் போய், பின்னாளில் கணினிக்குத் தரவு ஊட்டும் அட்டையாகவும் ஆனது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை தினமும் தலைக்குமேல் நிரல் தொங்கும் வீட்டில் தூங்கி எழுகிறான். அவனிடம் போய், இது உனக்கு ஒட்டாது தம்பி என்கிறார்.

மொழி தடை என்றும் ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற நிரல்மொழியில் கட்டளையே 'பதிப்பி' என்றும் 'முடி' என்றும் தமிழில்தான் இருக்கிறது. அதில் தொடங்கிப் பைத்தானுக்குப் போகலாம். ஏணியின் முதல் படி தாய்மொழியில் இருந்தால் போதும்.

கூலியாள் பிடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். கொரோனா காலத்தில் கோடிங் வகுப்பு விற்ற கம்பெனி, கோடிக்கணக்கில் சம்பாதித்த சிறுவன் என்று இல்லாத ஒருவனை விளம்பரத்தில் காட்டிப் பெற்றோரைப் பயமுறுத்தியதை நாடே பார்த்தது. ஆறு வயதில் செயலி எழுதாவிட்டால் வாழ்க்கை போச்சு என்பது வியாபாரப் பொய். கோடிங் படித்தால் வேலை நிச்சயம் என்று நானும் எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. ஆனால் இந்த வியாபாரம் செழித்ததே, பள்ளிக்கூடம் கொடுக்காததால்தான். பள்ளியில் இலவசமாகக் கிடைப்பதைக் கடையில் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார் கட்டுரையாளர். அதுவும் அடுத்தவர் வீட்டை. கூலியாள் என்பவர் யார்? அடுத்தவர் எழுதிய திரையில் பெட்டி பெட்டியாகத் தரவை நிரப்பத் தெரிந்தும், அந்தப் பெட்டி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரியாதவர். நாம் கற்பிக்காமல் விட்டால் நம் பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் அதுதான்.

*

நான்கு காரணத்தையும் தாங்கி நிற்கும் சொல் 'முதலில்'. முதலில் வாசிப்பு, முதலில் வகுத்தல், முதலில் கட்டடம், முதலில் ஆசிரியர். அந்த முதல் எப்போது முடியும், பிள்ளை எப்போது வரலாம் என்று கட்டுரையில் தேதி தேடினேன். இல்லை. இந்திய அரசு பி.பி.சி. மைக்ரோ கணினிகளை வைத்துப் பள்ளிகளில் 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது 1984-ல். அன்றைக்கு அது எட்டாத பள்ளிகளில் படித்தவர்கள், பொறுத்தார்கள். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து இதைக் கொண்டுவரும் முயற்சி இப்போதுதான் தலைகாட்டுகிறது. அதற்குள் பொறு என்று ஒருவர் பேனா எடுத்துவிட்டார்.

வரும் செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு லேப் திறந்திருக்கும். நட்சத்திரம் வரையப்போகிறோம், ஐந்து முனை வர எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கட்டுரையாளர் வரலாம். முன்வரிசையில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக வைக்கிறேன். உனக்கு இன்னும் காலம் வரவில்லை கண்ணு என்று அவளிடமே சொல்லட்டும்.

அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். பூனையை நிறுத்திவிட்டு, "எப்ப சார் வரும்?" என்று கேட்பாள். அதற்கு மட்டும் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு வரட்டும்.